கல்ச்சரில் வளராத பாக்டீரியாவை ஜீன் மூலம் கண்டுபிடிப்பது எப்படி?

இதய வால்வில் தொற்று இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. ரத்தக் கல்ச்சரோ (ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒவ்வொரு முறையும் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வருகிறது. முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கலாம். அல்லது காக்ஸியெல்லா, பார்டோனெல்லா மாதிரி வழக்கமான கல்ச்சரில் எளிதில் வளராத பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போது உதவுவது 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீன், அதாவது செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஒரு பகுதிக்கான ஜீன்.

சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள இந்த ஜீன் எல்லா பாக்டீரியாவிலும் உண்டு. அதன் சில பகுதிகள் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. 9 பகுதிகள் மட்டும் இனத்துக்கு இனம் வேறுபடும். மாறாத இடத்தில் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும், மாறும் இடம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1907-ல் விவரிக்கப்பட்ட விப்பிள் நோயின் பாக்டீரியாவுக்கு 1992-ல் இந்த வழியில்தான் பெயர் கிடைத்தது. அதை ஆய்வகத்தில் வளர்க்க 2000 வரை ஆனது.

படி 1: மாதிரி. இயல்பாகவே கிருமி இல்லாத இடத்திலிருந்து எடுங்கள்: வால்வுத் திசு, மூட்டு நீர், மூளைத் தண்டுவட நீர். சளியில் செய்தால் பல பாக்டீரியாக்களின் ஜீன் கலந்து, படிக்கவே முடியாத வரிசைதான் கிடைக்கும். ஃபார்மலினில் போட்ட திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்; புதிய திசுவோ உறைய வைத்ததோ நல்லது.

படி 2: டிஎன்ஏ பிரித்தல். சில பாக்டீரியாக்களின் செல்சுவர் தடிமனானது. லைசோசைம் என்ற என்சைம் சேர்த்தோ, சிறு மணிகளோடு குலுக்கியோ உடைக்க வேண்டும். மாதிரியே போடாத ஒரு குழாயையும் இங்கிருந்தே கூடவே ஓட்டுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 3: பிசிஆர், அதாவது ஜீனைச் சுற்றுச் சுற்றாகப் பல மடங்கு நகலெடுத்தல். 95 டிகிரியில் இழைகள் பிரியும், 55 டிகிரி வாக்கில் பிரைமர் ஒட்டும், 72-ல் நகல் வளரும். 30 முதல் 35 சுற்று போதும். பிறகு ஜெல்லில் ஓட்டினால் நகல்கள் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை தெரியவில்லையே என்று சுற்றைக் கூட்டாதீர்கள். கிட்டில், தண்ணீரில், ஏன், நகலெடுக்கும் டாக் என்சைமிலேயேகூட பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டியிருக்கும். சுற்று கூடினால் அதுவும் பெருகிவிடும். ஜெல்லில் காலிக் குழாயிலும் பட்டை வந்தால், அன்றைய முடிவை நம்பக் கூடாது. மனசு கேட்காது, ஆனாலும் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

படி 4: வரிசை படித்தல். பிசிஆர் விளைபொருளைச் சுத்தம் செய்து, டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சேங்கர் முறைக்கு அனுப்புங்கள்.

படி 5: ஒப்பிடுதல். கிடைத்த வரிசையை, வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் மென்பொருளில் போடுங்கள். 99 சதவீதமோ அதற்கு மேலோ பொருந்தினால் பொதுவாகச் சிற்றினம் வரை சொல்லலாம். 97-க்கும் 99-க்கும் இடையில் என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஏற்றிய வரிசைகளும் உண்டு. அந்த இனத்தின் மூல வகையோடு (அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் பாக்டீரியாவோடு) பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சில ஜோடிகளிடம் இந்த ஜீன் தோற்றுப்போகும். ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது. நிமோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸும் அப்படித்தான். அங்கே வேறு ஜீனைப் பார்க்க வேண்டும்.

படி 6: அறிக்கை. தோலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாவின் பெயர் வந்தால் உடனே நோய்க்காரணி என்று எழுத வேண்டாம். நோயாளியின் அறிகுறியோடு பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் பேசுங்கள். முடிந்தால் இரண்டாவது மாதிரியிலோ, அந்த இனத்துக்கே உரிய பிசிஆரிலோ உறுதிப்படுத்துங்கள். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் சில காலம் திசுவில் தங்கும் என்பதால், சிகிச்சை முடிந்த பின் வரும் பாசிட்டிவ் மட்டுமே மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் 16எஸ் சொல்லாது.