மின்கார் வரும்வரை முன்பணத்தையும் கராஜையும் பார்த்துக்கொள்வது எப்படி

அமெரிக்க நிறுவனமான ஆப்டெரா தன் மூன்று சக்கர சோலார் மின்வண்டிக்கு 2020 டிசம்பரில் முன்பதிவு திறந்தது. 100 டாலர் கட்டினால் போதும், வேண்டாமென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அடுத்த ஆண்டே வண்டி என்றார்கள். அந்த அடுத்த ஆண்டு இன்னும் தள்ளிக்கொண்டே போகிறது. 25,900 டாலரில் தொடங்கிய விலை 2023 ஜனவரியில் முதல் பதிப்புக்கு 33,200 ஆனது. 2025-இல் 40,000 பக்கம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இதற்கோ இதுபோன்ற வேறொரு வண்டிக்கோ பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

முதலில் பணம்

கட்டிய அன்று இருந்த நிபந்தனைகளைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். இணையதளத்தில் நிபந்தனைகள் சத்தமில்லாமல் மாறும். ‘எப்போது கேட்டாலும் திருப்பித் தருவோம்’ என்றால் உங்கள் பணம் தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமாகாது. எஸ்க்ரோ (மூன்றாமவர் பொறுப்பில் பணத்தைத் தனியே வைப்பது) என்ற சொல் ஒப்பந்தத்தில் இல்லையா? உங்கள் பணம் கம்பெனி ஊழியர்களின் சம்பளத்துக்குப் போய்விட்டது என்றே கணக்கு வையுங்கள். கிரெடிட் கார்டில்தானே கட்டினோம் என்ற தைரியமும் வேண்டாம். சட்டப்படி பில்லில் தகராறு எழுப்ப 60 நாள்தான். கார்டு நிறுவனங்கள் கூடுதல் அவகாசம் தந்தாலும் ஐந்தாறு ஆண்டு பழைய ரசீதுக்கு அது உதவாது.

கம்பெனி திவாலானால் யாருக்கு முதலில் பணம் என்பதற்குத் தனி வரிசை உண்டு. அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள். சொந்த உபயோகத்துக்கு முன்பணம் கட்டிப் பொருள் கிடைக்காதவர்களுக்குத் திவால் சட்டத்தின் 507-ஆம் பிரிவு கொஞ்சம் முன்னுரிமை தருகிறது: 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு 3,800 டாலர் வரை. அதற்கு மேல் கட்டியது சாதாரணக் கடன். பங்குதாரர்கள் கடைசி. ஆப்டெரா 2023-இல், குறைந்தது 10,000 டாலர் முதலீடு செய்பவர்களுக்கு முதல் 2,000 வண்டிகளில் இடம் என்றது. அதாவது, வண்டி வரிசையில் முன்னுக்குப் போக, திவால் வரிசையில் கடைசிக்குப் போகவேண்டும். பங்கு வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் அதை வண்டிக்கான முன்பணம் என்று மட்டும் எழுதிவைக்காதீர்கள்.

திவால் அறிவிப்பு வந்தால் எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்று கோரும் படிவம் 410-ஐ நிரப்பி, நீதிமன்றம் குறித்த கடைசித் தேதிக்குள் அனுப்புங்கள். அதில் முன்னுரிமைக்கான கட்டத்தை டிக் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் சாதாரணக் கடனோடு சேர்த்துவிடுவார்கள்.

‘மீதிப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள், தள்ளுபடி தருகிறோம்’ என்று மின்னஞ்சல் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மியூனிக்கின் சோனோ மோட்டார்ஸ் 2022 டிசம்பரில் தன் சியோன் என்ற சோலார் காரைக் காப்பாற்றச் சொல்லி இப்படித்தான் கேட்டது. 2023 பிப்ரவரியில் அந்தக் காரையே கைவிட்டது.

எதைப் படிப்பது

யூடியூப் வீடியோவில் வண்டி ஓடும். உற்பத்தி நடக்குமா என்பது அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்தில், கம்பெனிகள் தாக்கல் செய்யும் அறிக்கைகளில் இருக்கிறது, இலவசம். ஆப்டெரா 2025 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. அதனால் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளுக்கும் 10-கியூ என்ற காலாண்டு அறிக்கை கிடைக்கும். கையிருப்பு ரொக்கத்தை, தொழிலை நடத்த மாதம் எவ்வளவு வெளியே போகிறது என்பதால் வகுங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். இங்கே பலர் சறுக்குவார்கள்: பணப்போக்கு அட்டவணை ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும். ஜூன் அறிக்கையில் இருப்பது ஆறு மாதச் செலவு. அதை மூன்றால் வகுத்தால் செலவு இரண்டு மடங்காகத் தெரியும். முக்கிய நிகழ்வுகளை உடனே தெரிவிக்கும் 8-கே அறிக்கைகளில் 4.01 என்ற எண் வந்தால் தணிக்கையாளர் மாறியிருக்கிறார், 5.02 வந்தால் பெரும்பாலும் மேலிடத்தில் யாரோ வந்திருக்கிறார் அல்லது போயிருக்கிறார். நிதி அதிகாரியும் தணிக்கையாளரும் அடுத்தடுத்து போனால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 50,000 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டினால் 50 லட்சம் டாலர்தான். உற்பத்தியைத் தொடங்க ஆப்டெராவே சொன்ன தேவை சுமார் 6 கோடி.

‘அரசு பாதுகாப்பு அனுமதி கிடைத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஐரோப்பாவில், விற்பனைக்கு முன் மாடலைச் சோதித்து அரசு தரும் வகை அனுமதி உண்டு. அமெரிக்காவில் தயாரிப்பாளரே சான்றளித்துக்கொள்வதுதான் முறை. மேலும் மூன்று சக்கரம் என்பதால் கூட்டரசு விதிகளில் இது மோட்டார்சைக்கிள். கார்களுக்கான மோதல் சோதனை விதிகள் இதைக் கட்டுப்படுத்தாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: காட்டுகிற வண்டியின் பாகங்கள் உற்பத்தி அச்சிலிருந்து வந்தவையா, கையால் செய்தவையா? பெரிய பாகம் ஒன்று மாறினாலும் நாள் தள்ளிப்போகும். ஆப்டெரா சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரை விட்டுவிட்டு விடெஸ்கோ என்ற உதிரிபாக நிறுவனத்தின் மோட்டாருக்கு மாறியபோது, முன்பக்கச் சஸ்பென்ஷன் முதல் மறுபடி வரைய வேண்டியிருந்தது.

உற்பத்தி தொடங்கியதும் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. லைட்இயர் 0 என்ற நெதர்லாந்து சோலார் காரின் உற்பத்தி 2022 கடைசியில் தொடங்கி 2023 ஜனவரியில் நின்றது. மின்கார் நிறுவனமான ஃபிஸ்கர் ஆயிரக்கணக்கில் கார் விற்றுவிட்டு 2024 ஜூனில் திவால் மனு போட்டது; வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கும் மென்பொருளுக்கும் அலைந்தார்கள்.

வீட்டில்

பழைய காரை விற்காதீர்கள், வயரிங்கிலும் பணம் போடாதீர்கள். ஒரு மைலுக்கு 100 வாட்-மணி என்று ஆப்டெரா சொல்வது உண்மையானால், சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 ஆம்பியர் இழுத்தால் 1.44 கிலோவாட், விரயம் போக மணிக்கு 13 மைல். இரவு முழுக்கப் போட்டால் 100 மைல் தாண்டும். சார்ஜ் போர்ட்டும் 2022-இல் டெஸ்லா வகைக்கு மாறியது. முன்கூட்டியே சார்ஜர் வாங்கியவர்களுக்கு அடாப்டர் செலவு.

டேப்பை எடுத்துக் கராஜ் வாசலை அளந்து பாருங்கள். வண்டியின் அகலம் சுமார் 88 அங்குலம். 8 அடி வாசல் என்றால் இருபக்கமும் 4 அங்குலம்தான் மிச்சம். கதவுகள் மேல்நோக்கித் திறப்பதால் கூரையில் கராஜ் கதவின் தண்டவாளம் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். கராஜுக்குள்ளேயே நிறுத்தினால் 700 வாட் சோலார் சும்மா கிடக்கும். நாளுக்கு 40 மைல் என்ற கணக்கு, நாள் முழுக்க வெயிலில் நிறுத்துபவர்களுக்கு.

7,500 டாலர் வரிச்சலுகையை பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். அது நான்கு சக்கரம் இருந்தால்தான். அதுவும் 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்குபவர்களுக்குக் கிடையாது.

வண்டி தயார், பாக்கியைக் கட்டு என்று அழைப்பு வந்ததும், கட்டுவதற்கு முன் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து எழுத்தில் பிரீமியம் கேளுங்கள். எண் தர மறுத்தால் பணமும் தர வேண்டாம். உங்கள் மாநில டி.எம்.வி.யில் (வாகனப் பதிவு அலுவலகம்) ஆட்டோசைக்கிள் என்ற மூடிய மூன்று சக்கர வகைக்குச் சாதாரண லைசென்ஸ் போதுமா, ஹெல்மெட் வேண்டுமா என்று அதே நாளில் விசாரித்துவிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.