ஃபைபர் வேலை பழகுறவங்களுக்கு: முதல்ல துடைங்க, அப்புறம் அளங்க

அப்ரண்டிஸா சேர்ந்ததும் எல்லாருக்கும் ஃபைபரை ஒட்டுற ஸ்ப்ளைசிங் மெஷின் மேலதான் கண்ணு. ஆனா சிக்னல் குறையுதுன்னு வர்ற புகார்ல நிறைய, கனெக்டர் முனையில இருக்கிற அழுக்காலதான். சிங்கிள் மோடு ஃபைபர்ல வெளிச்சம் போற கோர் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. ஒரு தூசி போதும்.

மூடியைக் கழட்டினதும் விரல் படாம, இழை விடாத துடைப்பான்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில துடைங்க. உடனே உலர்ந்த பக்கத்தால இன்னொரு தடவை. வாயால ஊதவே ஊதாதீங்க, ஈரம் ஒட்டிக்கும்.

அப்புறம் வெளிச்சத்தோட சக்தியை அளக்கிற பவர் மீட்டரை 1490 நானோமீட்டர் அலைநீளத்துல வெச்சு அளங்க. வழக்கமான ஜிபான் (வீட்டுக்கு வர்ற ஃபைபர் நெட்) இணைப்புல, வீட்டு முனையில மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (சக்தியோட அலகு) நடுவுல இருக்கணும். மைனஸ் 25ஐவிடக் கீழ போனாலே நான் விட்டுட்டு வரமாட்டேன். நாளைக்குக் கேபிள் கொஞ்சம் மடங்கினாலும் நெட் போயிடும்.

பச்சைக் கனெக்டரை நீலத்தோட சேர்க்காதீங்க, பச்சையோட முனை 8 டிகிரி சாய்வு, நீலத்துக்கு அந்தச் சாய்வு இல்ல. லைவ் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க, அந்த லேசர் கண்ணுக்கே தெரியாது. வெட்டின கண்ணாடித் துண்டுகளை டேப்ல ஒட்டி மூடி போட்ட டப்பாவுல போடுங்க.