கேட்டால் போதாது, பார்க்க வேண்டும்: பயனர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படைக்கு ஒரு தலைவலி இருந்தது. பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார், விமானம் வயிறு தரையில் தேய விழும். விசாரணையில் ‘விமானியின் தவறு’ என்று எழுதிவிடுவார்கள்.

அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையையே ஆராய்ந்தார். இறக்கை மடல்களுக்கான (தரையிறங்கும்போது இறக்கையின் பின்புறம் விரியும் பலகைகள்) சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. தரையிறங்கியதும் மடலை மடக்க வேண்டியவர் பக்கத்துச் சுவிட்சைத் தட்டியிருக்கிறார். இந்த அமைப்பு இல்லாத சி-47 விமானத்தில் அந்த விபத்தும் இல்லை. சபானிஸ் சொன்ன தீர்வு எளிமையானது. சக்கரச் சுவிட்சின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரம், மடல் சுவிட்சின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு. கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் 1947-ல் இதுபோன்ற 460 ‘விமானித் தவறு’களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பலவற்றுக்குக் காரணம் கருவிகளின் அமைப்பு என்று காட்டினார்கள். அப்படியும் ‘யூஸருக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை’ என்ற வாக்கியம் இன்றுவரை ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்கிறது. ஆப் ஆனாலும் அடுக்குமாடி ஆனாலும், அதைப் பயன்படுத்துபவர்களைக் கவனித்து அறியும் பயனர் ஆய்வில் முதல் தவறு அதுதான். அந்த வாக்கியத்தை எழுதியவுடன் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அதே இடத்தில் இரண்டு பேர் தடுமாறினால், மூன்றாவது ஆளை வரவழைக்கும் முன் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

கருத்துக் கேட்டுவிட்டு ஆய்வு முடிந்தது என்று நினைப்பது

கேள்வித்தாள் அனுப்புவது சுலபம். ‘இந்த வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ‘ஆமாம்’ என்பார்கள். அதை வரைபடமாக்கி மேலாளருக்குக் காட்டலாம். ஆனால் மனிதர்கள் தாங்கள் என்ன செய்வார்கள், ஏன் செய்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வரைபடம் நிற்கிறது.

அந்த நம்பிக்கையை 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் அசைத்துவிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் முன் 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். வலது ஓரத்தில் இருந்ததையே மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் முடிவுக்குக் காரணம் அவர்களுக்கே தெரியவில்லை.

இடங்களிலும் இதே கதைதான். நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் 1970-களில் நியூயார்க்கின் கட்டிட முற்றங்களில் கேமராக்களை வைத்து, மக்கள் உண்மையில் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார். கூட்டத்தை விட்டு ஒதுங்கத்தான் ஆசை என்று சொல்பவர்கள் கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார்கள். நின்று பேசுபவர்கள் ஓரமாக ஒதுங்காமல், ஆள் நடமாட்டம் மிகுந்த நடுவழியிலேயே நின்றார்கள். சில முற்றங்கள் நிறைந்து வழிய, சில வெறிச்சோடிக் கிடந்ததற்கு அவர் கண்ட முக்கியக் காரணம் உட்கார இடம் இருக்கிறதா இல்லையா என்பது. அந்த நகரம் 1975-ல் தன் கட்டிட விதிகளைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்கியது. முற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டிருந்தாலும் இந்த விடை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நேர்காணலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக எப்போது ஆன்லைனில் கரண்ட் பில் கட்டினீர்கள்? அன்றைக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வரும். ‘இனிமேல் கட்டுவீர்களா?’ என்பதற்கு மரியாதைதான் பதிலாக வரும்.

கேள்வியிலேயே விடையைக் கொடுத்துவிடுவது

ஒரு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட தொடுதிரை இயந்திரம் வைக்கப் போகிறார்கள், அதைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயது அம்மா ஒருவர் வந்திருக்கிறார். சோதனை நடத்துபவர் சொல்கிறார்: “அம்மா, இங்க ‘முன்பதிவு’ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க. ஈசியா இருந்துச்சுங்களா?” அம்மா அழுத்துகிறார். “நல்லா இருக்குப்பா.” அறிக்கையில் வெற்றி என்று ஏறிவிடும்.

இங்கே சோதிக்கப்பட்டது அந்த அம்மாவின் விரல் மட்டும்தான். முன்பதிவு என்ற சொல் அவருக்குப் பழக்கமா, பட்டன் அவர் கண்ணில் பட்டதா, எதுவும் தெரியாது. அதையே இப்படிச் சொல்லலாம்: “அம்மா, நாளைக்குக் காலையில கண் டாக்டரைப் பார்க்கணும்னு வச்சுக்குங்க. இந்த மெஷின்ல எப்படிச் சீட்டு போடுவீங்கன்னு காட்டுங்க. இது உங்களுக்கு வச்ச பரீட்சை இல்லைங்கம்மா, மெஷினுக்கு வச்ச பரீட்சை.” திரையில் உள்ள எந்தச் சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

அப்புறம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். அவர் ‘பதிவு’ என்று இருக்கும் வேறொரு பட்டனின் மேல் விரலை வைத்துத் தயங்குவார். “இதை அழுத்தலாமா தம்பி?” என்பார். “அழுத்துங்கம்மா” என்றால் அந்தச் சோதனை வீண். “உங்களுக்கு என்ன தோணுது?” என்று மட்டும் கேளுங்கள். “இதை அழுத்தினா காசு கேக்குமோன்னு பயமா இருக்கு” என்று பதில் வரலாம். தேடி வந்தது அந்த ஒரு வரியைத்தான். அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘பயனருக்குத் தயக்கம்’ என்று சுருக்கிவிடாதீர்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் பலர் இதையெல்லாம் தனியாகச் செய்வதில்லை. மகனோ பேத்தியோ கூட இருப்பார்கள், பாதி வேலையில் போனை வாங்கித் தாங்களே முடித்துக் கொடுப்பார்கள். ஆய்வு என்றால் ஒருவரைத் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்று அந்தப் பேத்தியை வெளியே அனுப்பிவிடுகிறோம். நிஜத்தில் அந்த இருவரும் சேர்ந்துதான் பயனர். ஒரு சோதனையையாவது இருவரையும் சேர்த்தே நடத்துங்கள்.

கைக்குக் கிடைத்தவர்களையும் ‘சராசரி’ ஆளையும் நம்புவது

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரை வைத்துச் சோதிப்பது ரொம்பவும் பரவலான தவறு, நீட்டி எழுத வேண்டியதில்லை. புது போன், வேகமான வைஃபை, ஏசி அறை, நிறுவனத்தின் சொல்வழக்கு எல்லாம் தெரிந்த ஆள். உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று, கீறல் விழுந்த திரையில் அதே ஆப்பைத் திறப்பவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

சராசரி ஆளை நம்புவது இதைவிட ஆழமான தவறு. 1950-ல் அமெரிக்க விமானப் படை 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. லெப்டினன்ட் கில்பர்ட் டேனியல்ஸ் அவற்றில் 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவில் வரும் 30 சதவீதத்துக்குள் இருந்தால் சராசரி என்று தாராளமாகவே வரையறுத்தார். பத்து அளவுகளிலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்காகச் செய்த அறை யாருக்குமே பொருந்தாத அறை என்பது தெரிந்ததும், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கைகளைக் கேட்டு வாங்கினார்கள்.

வீட்டுச் சமையல் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று செய்யும் லேசான வேலைக்கு மேடை முழங்கையிலிருந்து சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பிளானில் ஒரே உயரம் போட்டு எல்லா வீட்டுக்கும் கல் பதித்துவிடுகிறார்கள். சமைக்கப் போகிறவரை நிற்கவைத்து முழங்கையை அளந்தால் 2 நிமிடம் ஆகும். குடும்பத்தில் இரண்டு பேர் சமைப்பார்கள் என்றால் இருவரையும் அளக்க வேண்டும். பொது இடங்களுக்கு வேறு கணக்கு. கை எட்ட வேண்டியதைக் குட்டையானவருக்கும், உடல் நுழைய வேண்டியதைப் பெரிய உடம்புக்காரருக்கும் அளந்து வைக்க வேண்டும். நடுவில் உள்ளவர்கள் தாமாகவே சமாளித்துக்கொள்வார்கள்.

சாய்தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். 1-க்கு 12 என்பது சரிவின் விதி. அதாவது 45 சென்டிமீட்டர் உயரப் படிக்கட்டுக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். பல இடங்களில் அதில் பாதிகூட இருப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரை ஒரு முறை அழைத்து ஏறச் சொல்லியிருந்தால், சிமென்ட் காயும் முன்பே தெரிந்திருக்கும்.

‘ஐந்து பேர் போதும்’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வது

ஒரு பொருளைச் சோதிக்க ஐந்து பயனர்கள் போதும் என்பார்கள். இந்த எண் 1993-ல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. சராசரியாக ஒரு பயனரை வைத்துச் சோதித்தால் 31 சதவீதப் பிரச்சினைகள் வெளியே வரும் என்று எடுத்துக்கொண்டால், ஐந்தாவது ஆளில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். நீல்சன் இதைச் சொன்னது காசு மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. 15 பேருக்குப் பணம் இருந்தால் ஐந்து ஐந்து பேராக மூன்று முறை சோதியுங்கள், நடுவில் திருத்துங்கள் என்பதுதான் அவர் வாதம். முதல் பாதியை எடுத்துக்கொண்டு ஒரே சுற்றோடு நிறுத்திவிடுகிறோம்.

31 என்பது ஒரு சராசரி என்பதையும் மறந்துவிடுகிறோம். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பிரச்சினை ஐந்து பேர் சோதனையில் தலைகாட்டவே வாய்ப்பு 41 சதவீதம்தான். அந்தப் பத்தில் ஒருவர் பார்வைக் குறைபாடு உள்ளவராக இருக்கலாம், மருந்தின் அளவைத் தவறாகப் படிப்பவராகவும் இருக்கலாம். அதனால் தவறினால் உயிருக்கு ஆபத்து என்னும் பொருளுக்கு ஐந்து போதாது. ஐந்து பேரை வைத்துச் சதவீதமும் சொல்லக் கூடாது. ஐந்துக்கு ஐந்து பேர் முடித்தாலும், புள்ளியியல்படி உண்மையான வெற்றி விகிதம் பாதிக்குப் பக்கத்தில் இருக்கவும் இடம் உண்டு.

கை மீறிய பிறகு சோதிப்பது, சோதிக்காமலே விட்டுவிடுவது

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வாக்குச்சீட்டை வடிவமைத்தவர்களுக்கு நல்லெண்ணம்தான். வயதானவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் எதிரெதிரே இரண்டு பக்கமாயிற்று, வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையாக வந்தன. இடது பக்கத்தில் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இரண்டாவது பெயர், அவருக்கான துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலது பக்கத்தின் முதல் பெயரான, வேறொரு சிறிய கட்சியின் வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. அங்கே அவருக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் 2,000-க்கு மேற்பட்டவை கோருக்குப் போட நினைத்துத் தவறி விழுந்தவை என்று அரசியல் அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். மாநிலத்தையும் அதோடு அதிபர் பதவியையும் கோரை எதிர்த்து நின்ற புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். அச்சுக்குப் போகும் முன் ஒரு முதியோர் மன்றத்தில் மாதிரித் தாளையும் குண்டூசியையும் கொடுத்து, ‘இன்னாருக்குப் போடுங்கள்’ என்று சொல்லிப் பார்த்திருக்கலாம்.

ஆப்பை அடுத்த வாரம் திருத்தலாம், சுவரைத் திருத்த முடியாது. அதனால் கட்டிடத்தில் சோதனை பிளான் நிலையிலேயே தொடங்க வேண்டும். ஆனால் பிளானைக் காட்டி ‘சரியா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், வரைபடத்தைப் படித்து இடத்தைக் கற்பனை செய்ய எல்லோராலும் முடியாது. மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அதற்குள் நடக்கவிடுங்கள். கட்டிலின் அளவுக்குத் தரையில் பழைய பாயை விரித்து, சுற்றி நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனை என்றால் நிஜ ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து, தெர்மோகோல் சுவர்களுக்கு நடுவே இரண்டு ஊழியர்களைத் திருப்பச் சொல்லுங்கள். கையில் சலைன் கம்பியும் இருக்கட்டும்.

குடியேறிய பிறகு திரும்பிப் போய்ப் பார்ப்பது கிட்டத்தட்ட யாருமே செய்யாத வேலை. பிரிட்டனில் கட்டிடக் கலைஞர்களின் அமைப்பான ரிபா 1963-ல் வகுத்த வேலைத்திட்டத்தில் இதற்கென்று தனிக் கட்டம் இருந்தது. 1972-ல் அதை நீக்கிவிட்டார்கள். அங்கேயே 1995 முதல் 2002 வரை நடந்த ப்ரோப் ஆய்வுகள், பயன்பாட்டில் இருக்கும் கட்டிடங்களுக்குள் போய் என்ன வேலை செய்கிறது, என்ன செய்யவில்லை என்று பார்த்து வெளிப்படையாக எழுதின. விளக்கு, ஜன்னல், ஏசி ஆகியவற்றின் கட்டுப்பாடுகள் உள்ளே இருப்பவர்களுக்குப் புரியாமல் இருப்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்த புகார்.

அப்படித் திரும்பிப் போகும்போது முதலில் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் பாருங்கள். ‘தள்ளவும்’, ‘இந்த சுவிட்சைத் தொடாதே’, ‘லிஃப்ட் இந்தப் பக்கம்’, ‘பில் கவுண்டர் பின்னால்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி செலோ டேப் போட்டு ஒட்டியவை. ஒவ்வொன்றும் யாரோ பலமுறை தடுமாறி, வேறொருவர் பலமுறை வழி சொல்லிச் சலித்துப்போன இடம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எந்தத் தளம், எந்தக் கதவு என்று குறித்து, கட்டிடத்தை வரைந்தவருக்கே அனுப்புங்கள். அடுத்த பிளானைப் போடும் முன் அவர் கையில் அது இருக்க வேண்டும்.