சமையலறைக் கழிவு மண்ணுக்குப் போகும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரத்தொட்டி நாறத் தொடங்கியதும் பலர் சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் வேலையையே விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் குறை ஒன்றுதான்: காய்ந்த பொருள் போதவில்லை. காய்கறித் தோலிலும் மிஞ்சிய உணவிலும் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் சருகிலும் கிழித்த அட்டையிலும் மரத்தூளிலும் இருக்கிறது. ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி சருகு போட்டுப் பழகுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் உள்ளே காற்று இல்லை என்று பொருள். அப்புறம் நாற்றமும் மீத்தேனும்தான்.

இதைவிடப் பெரிய தவறு அவசரம். கறுத்துவிட்டதாலேயே மக்கிவிட்டது என்று நம்பி செடிக்குப் போட்டுவிடுகிறோம். பாதி மக்கியதை மண்ணில் சேர்த்தால், மீதியை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். அதிலுள்ள அமிலங்கள் இளம் வேரையும் கெடுக்கும். சோதிப்பது எளிது. கொஞ்சம் உரத்தை ஈரமாக்கி, காற்றுப் புகாத பையில் மூன்று நாள் மூடி வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். மண்வாசனை வந்தால் சரி.

வீட்டுத் தொட்டி சிறியது, சூடு தங்காது. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாக, குவியல் 55 டிகிரி செல்சியஸில் சில நாளாவது இருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியல் தேவை. அதனால் இறைச்சி, மீன், எண்ணெய் மிகுந்த உணவு, நோய் கண்ட செடி எதையும் தொட்டியில் போடாதீர்கள். உங்கள் நகரில் பெரிய உரக்கூடம் இருந்து அவற்றை ஏற்றால் அங்கே கொடுங்கள்.

நகரத்து மண் மிதிபட்டு இறுகியது, கட்டட இடிபாடு கலந்தது. அதற்குத்தான் இந்த உரம் அதிகம் தேவை. காலியான இடமென்றால் 3 முதல் 5 சென்டிமீட்டர் பரப்பி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். மரத்தடியில் கொத்தினால் வேர் அறுபடும். அங்கே மேலே பரப்பினால் போதும், அடிமரத்தை ஒட்டிக் குவிக்க வேண்டாம். தொட்டிச் செடிக்கு வெறும் உரத்தை நிரப்பாதீர்கள். உப்பு ஏறும், நாளாக ஆக அமுங்கியும் போகும்.

பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், சில தேயிலைப் பைகள், ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகள் ஆகியவற்றையும் கவனியுங்கள். அப்படிப்பட்ட பைகள் பலவும் பெரிய கூடங்களின் வெப்பத்தில்தான் மக்கும். துணுக்காகி மண்ணில் கலந்த பிளாஸ்டிக்கைப் பிறகு பொறுக்கி எடுக்கவே முடியாது. தோலை வாளியில் போடும் முன்பே ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள்.