"எல்லாம் நலம்" என்று சொல்லிவிடாதீர்கள்: கைக்குழந்தையோடு பினாங்கு வருபவர்களுக்கு

பினாங்குக்கு வேலை மாற்றலாகி வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது வீடு, பள்ளி, அரிசி. மூன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை என்றால் சுங்கை ஆராவிலோ பாயான் பாருவிலோ வீடு பாருங்கள். பொன்னி அரிசி, பெருங்காயம், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வருகிறவளோடு, கணவன் காலையில் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் யார் இருப்பார்கள்? நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஏழு வாரம் நான் பட்ட பாடு இன்னொருத்திக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். குழந்தை பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், இங்கே பிறந்ததாலேயே குழந்தைக்கு மலேசியக் குடியுரிமை கிடைத்துவிடாது. ஆகவே ஓராண்டுக்குள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட் எடுத்து, பிறகு குடிநுழைவு இலாகாவில் சார்ந்தோர் அனுமதி (டிபென்டன்ட் பாஸ்) வாங்க வேண்டும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு இதெல்லாம் அத்துப்படி. பிரசவித்த தாயை அரசு சுகாதார நிலையத்துத் தாதியர் வீடு தேடி வந்து பார்ப்பது இங்கே நெடுநாள் வழக்கம். இங்குள்ளவர்கள் அவர்களை "மிஸ்ஸி" என்பார்கள். வெளிநாட்டவர் எப்படிப் பதிவது, கட்டணம் எவ்வளவு என்று ஏழாம் மாதத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள். பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதென்றால், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருக்கும் காப்பகம் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இனி நாங்கள் சறுக்கிய இடம்.

நம் ஊரில் பிள்ளைப்பேறு என்றால் அம்மா வருவார், அல்லது நாம் அம்மாவிடம் போவோம். இரண்டாவது பிரசவம் என்பதால் அம்மாவை இங்கே வரவழைத்தோம். இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்குவதற்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அனுமதி தந்திருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை. "வந்த பிறகு நீட்டித்துக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்ட கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. நீட்டித்தே தீருவார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எங்களுக்குக் கிடைக்கவும் இல்லை. சில பிரிவு வேலை அனுமதி உள்ளவர்களின் பெற்றோருக்கு நீண்டகால சமூக வருகை அனுமதி உண்டு. அதை ஆறாம் மாதத்திலேயே நிறுவனம் மூலம் விசாரித்திருக்க வேண்டும். நாங்கள் விசாரிக்கவில்லை.

அம்மா லால்குடியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார். பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம், எனக்குப் பாலூற வேண்டும் என்று கருவாடு, தூளி கட்டப் பழைய நூல் சேலை இரண்டு. மருத்துவர் சொன்ன நாள் அம்மா வந்த எட்டாம் நாள். மகளோ பதினாறாம் நாள் பிறந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பதாம் நாள் அம்மா விமானம் ஏறியபோது குழந்தைக்குப் பதினான்கு நாள். பதினாறாம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்க ஆசைப்பட்டு வந்தவர், அதற்கு இரண்டு நாள் முன்னதாக வாசலில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லிஃப்ட் கதவு மூடும்வரை கையசைத்துவிட்டுப் போனார். அம்மாவை வரவழைப்பவர்கள் குறித்த நாளுக்கு முன்னால் வரவழைக்காதீர்கள். பிரசவத்தன்று கணவர் உங்களோடு இருப்பார். அம்மா தேவைப்படுவது அதன் பிறகுதான். குழந்தை பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்து டிக்கெட் எடுத்தாலும் தவறில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒரு தொலைபேசி அழைப்பில் நடந்தது.

இங்கே சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குத் துணை நிற்கிற உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. பெரிய பலகை, கட்டடம் எதுவும் இல்லாத சிறிய அமைப்பு. தன்னார்வலர் ஒருவர் வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், வீட்டுக்கு வருவார். அவரும் பிள்ளை வளர்த்தவராகவே இருப்பார். இப்படி வீடு தேடிப் போகிற வழியை 1973இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மார்கரெட் ஹாரிசன் என்ற பெண்மணி ஹோம்-ஸ்டார்ட் என்ற பெயரில் தொடங்கினார். எங்களுக்கு உதவியது அதன் கிளை அல்ல, ஆனால் முறை ஏறக்குறைய அதேதான். மகப்பேறு வகுப்பில் கொடுத்த படிவத்தில் எங்கள் பெயரை எழுதியிருந்தோம். குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர், ஒரு சீன ஆன்ட்டி, அழைத்தார். இங்கே இனம் பார்க்காமல் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றே அழைப்பார்கள்.

அடுப்படியில் அம்மா பூண்டு வதக்கிக்கொண்டிருந்தார். மூத்தவன் பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். வீடு நிறைந்து இருந்தது. "எப்படி இருக்கிறீர்கள், உதவி வேண்டுமா?" என்று ஆன்ட்டி கேட்டார். "எல்லாம் நலம், அம்மா வந்திருக்கிறார்" என்றேன். "எத்தனை நாள் இருப்பார்?" என்று கேட்டார். என் கணவர் முந்திக்கொண்டு, "இருப்பார், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார். ஆன்ட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் இடம் காத்திருந்த இன்னொரு குடும்பத்துக்குப் போயிற்று. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கையளவு தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு, உதவி வேண்டாம் என்றவர்களுக்கு ஆள் அனுப்ப முடியுமா?

நம் ஊரில் "சாப்பிட்டாயா?" என்றால், சாப்பிடாவிட்டாலும் "ஆயிற்று" என்போம். கேட்டவர் அதை நம்ப மாட்டார். முகத்தைப் பார்ப்பார், ஒரு கிண்ணம் ரசத்தோடு திரும்பி வருவார். நம்முடைய மறுப்புக்குள் ஒரு சம்மதம் இருப்பது அவருக்குத் தெரியும். இங்கே கேட்பவர்கள் நம் பதிலை அப்படியே நம்புகிறார்கள். வேண்டாம் என்றவர் வீட்டுக்குள் நுழைவது மரியாதை அல்ல என்பது அவர்கள் எண்ணம். இந்த ஒரு வேற்றுமை எனக்குப் புரிய ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பதினேழாம் மாடி. மூத்தவனுக்கு மூன்று வயது. இரும்புக் கிராதிக் கதவைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் ஒலிக்கும் போதெல்லாம் "பாட்டி!" என்று கத்துவான். இளையவள் மடியை விட்டு இறங்க மாட்டாள். காலையில் குக்கரில் வைத்த சோறு மாலை நான்கு மணிக்கும் மூடியபடியே இருக்கும். அம்மா வீடியோவில் கேட்டால், "சாப்பிட்டேன் அம்மா" என்பேன். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போன கிளினிக்கில் ஒரு தமிழ் மிஸ்ஸி, குழந்தையைத் தராசிலிருந்து எடுத்து என்னிடம் தராமல் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள், அம்மா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர்தான் அந்த அமைப்பை மறுபடி அழைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களுடைய தன்னார்வலராக டீச்சரம்மா வந்தார்.

ஆகவே, யாராவது அழைத்துக் கேட்டால் நலம் விசாரிப்புக்குச் சொல்லும் பதிலைச் சொல்லாதீர்கள். நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். "அம்மா பதினான்காம் தேதி ஊருக்குப் போகிறார். அதன் பிறகு காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நான் தனியாக இருப்பேன். மூத்தவனுக்கு மூன்று வயது. இங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை." நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பேசுவது நீங்களாக இருங்கள், கணவராக அல்ல. தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டீச்சரம்மா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பசியாறிவிட்டீர்களா?" என்றார். இங்குள்ள தமிழர்கள் காலை உணவைப் பசியாறுதல் என்பார்கள். எவ்வளவு அழகான சொல், நாம் எங்கே தொலைத்தோம் என்று தெரியவில்லை. இல்லை என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் பசியாறுங்கள், நான் இருக்கிறேன்" என்றார். சமைக்கவில்லை, பாத்திரம் துலக்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். இதைப் புரிந்துகொள்ளுங்கள். இவர்கள் வேலைக்காரர்கள் அல்லர், தாதியும் அல்லர். குழந்தையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போய்வர முடியாது. மருந்து கொடுக்க மாட்டார்கள். ஒரு வெள்ளிகூட வாங்க மாட்டார்கள். ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்று பெயர். பரிசும் கூடாது. தொண்டு அமைப்பு என்று சொல்லிக்கொண்டு யாராவது பதிவுக் கட்டணமோ பாஸ்போர்ட்டோ கேட்டால் கதவைத் திறக்காதீர்கள். சங்கமாகப் பதிந்த அமைப்பு என்றால் பதிவு எண் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

அன்று கிளம்பும் முன் தூளியருகே குனிந்தவர் அப்படியே நின்றார். சேலையை விரல்களால் கசக்கி முகர்ந்து பார்த்தார். "இதைப் பெட்டியிலிருந்து எடுத்தீர்களா? அந்துருண்டை வாசம் வருகிறதே. ஜி6பிடி பார்த்தார்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். அந்த நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டை பட்ட துணியே ஆபத்து. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும். மருத்துவமனைப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். சோதனை முடிவு சரியாகவே இருந்தது. ஆனாலும் இரண்டு சேலைகளையும் துவைத்து வெயிலில் போடச் சொன்னார். ஊரிலிருந்து பழந்துணி கொண்டுவருகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

சில வாரம் கழித்து, நீங்கள் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பிறந்தது சுங்கைப் பட்டாணிக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவருடைய அம்மா விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்று, அங்கிருந்து பால்மரம் வெட்டப் போவாராம். கைக்குழந்தைகளை இருட்டிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒரு ஆயா ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்வாள். "எங்கள் அம்மாவுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. அந்த ஆயா இருந்தாள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூத்தவனுக்கு "அ" எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. நான்கு தலைமுறைக்கு முன் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேத்தி, விமானத்தில் வந்து இறங்கிய எனக்குத் தாயாக உட்கார்ந்திருக்கிறார். இந்த மண்ணின் தமிழர்களை இளப்பமாகப் பேசுகிற சில ஊர்க்காரர்களை இங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

வாரம் இரண்டு மணி நேரத்தால் என்ன ஆகிவிடும் என்று என் கணவரே முதலில் கேட்டார். செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒருவர் வருவார் என்றால் திங்கட்கிழமையைத் தாண்டிவிடலாம். மூன்றாம் மாதம் டீச்சரம்மா துணையோடு பஸ் ஏறி, இரண்டு பிள்ளைகளுடன் தண்ணீர்மலை அடிவாரம்வரை போய்வந்தேன். 513 படி ஏறவில்லை, கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டோம். அம்மா போன பிறகு மருத்துவத்துக்கு அல்லாமல் நான் வீட்டை விட்டு வெளியே வந்த முதல் நாள் அது.

இருட்டு மனத்தைவிட்டு நகரவே இல்லை, பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றால் தன்னார்வலருக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் அடி உதை என்றால் 15999 என்ற அரசு உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

அம்மா அடுத்த மாதம் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வருகிறார். இந்த முறை முப்பது நாளையும் நாட்காட்டியில் எண்ணி வட்டமிட்டுவிட்டேன். டீச்சரம்மாவுக்காகக் கூழ் வடகம் பிழிந்து மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறாராம். பரிசு எதுவும் வாங்க மாட்டார்கள் அம்மா என்றேன்.

"வடகம் எப்படியடி பரிசாகும்?" என்கிறார்.