வேலை மாறும்போது பிஎஃப் பணத்துல கை வெக்காதீங்க

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் அடி வாங்குச்சு, வேற லைனுக்கே போயிடலாம்னு யோசிக்கிறவங்களுக்கு இது. வேலையை விட்டதும் பிஎஃப்பை மொத்தமா எடுக்கத்தான் தோணும், தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் இல்லாம எடுத்தா பொதுவா வரி உண்டு, அதைவிட பெரிய இழப்பு பிஎஃப்போட சேர்ந்து வர்ற பென்ஷன்தாங்க. 10 வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் 58 வயசுல மாசாமாசம் வரும், பழைய கம்பெனியில 7 புதுசுல 3ன்னாலும் சேர்த்துக்குவாங்க, ஆனா நடுவுல பென்ஷன் பணத்தை எடுத்துட்டா அந்த 7 வருஷமும் போச்சு. அதனால புது கம்பெனியில அதே யூஏஎன் நம்பரையே (கம்பெனி மாறுனாலும் மாறாத உங்க பிஎஃப் அடையாள நம்பர்) குடுங்க. சொந்தமா கடை வெக்கப் போறீங்களா? 10சி ஃபார்ம்ல பென்ஷன் பணம் கேக்காம ஸ்கீம் சர்டிபிகேட் (உங்க பென்ஷன் சர்வீஸ் வருஷங்களுக்கான சான்று) கேளுங்க, பின்னாடி பிஎஃப் புடிக்கிற வேலைக்குத் திரும்புனா பழைய வருஷங்களும் கணக்குல ஏறும். அப்புறம் முக்கியமா, வேலையை விட்ட தேதியை பழைய கம்பெனி ஏத்தலேன்னா பழைய பிஎஃப்பை புது கம்பெனி கணக்குக்கு மாத்துற டிரான்ஸ்ஃபர் அப்படியே நிக்கும், கடைசியா பிஎஃப் கட்டி 2 மாசம் ஆனப்புறம் பிஎஃப் ஆபீஸோட ஆன்லைன் போர்ட்டல்ல அந்தத் தேதியை நீங்களே போட்டுக்கலாம், ஆதாரோட லிங்க் ஆன போன் நம்பர் மட்டும் கையில இருக்கணும்.