வடசென்னையில் சுற்றுலா நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு என்று வார இறுதி நடை நடத்தும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். மெரினாவோடு சென்னை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் ஒழியட்டும். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் அதே தவறுகளை முதலிலிருந்து செய்கிறது. தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கு முப்பது பேர்

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எரிச்சல் வருகிறது. ஞாயிறு அன்று நகரத்தில் பாதி வீடுகளில் மீன் குழம்பு. அதனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாரத்திலேயே அதிக நெரிசல் அன்றுதான். வாடிக்கையாளருக்கு லீவு என்பதற்காக நீங்களும் அதே நாளைப் பிடிக்கிறீர்கள்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். விசைப்படகிலிருந்து இறங்கிய மீனைத் தரையில் கொட்டுகிறார்கள். ஏலம் கூறுபவர் நடுவில் நிற்கிறார், சுற்றி வியாபாரிகள். முன்வரிசையில் கேமராவோடு பத்துப் பேர் நின்றுவிட்டால், பின்னால் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு மீனின் கண்ணும் செவுளும் தெரியாது. பார்க்காத மீனுக்கு அவர் விலை கேட்க மாட்டார். கேட்பவர் குறைந்தால் விலை படியாது, ஏலம் இழுக்கும். அதுவரை மீன் தரையில் வெறுமனே கிடக்கும். வழியில் நிற்கும் கூட்டத்தால் மீன்பாடி வண்டி திரும்ப முடியாமல் நிற்கும்.

அந்தப் பெண்களில் பலர் தண்டலுக்கு, அதாவது தவணையாகத் திருப்பிக் கட்டும் வட்டிக்கு, வாங்கிய பணத்தில் சரக்கு எடுப்பவர்கள். ஏழு மணிக்குள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. ஒன்பது மணிக்குப் போனால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், தண்டல் தவணை மட்டும் குறையாது. உங்கள் குழு எடுத்த படங்களுக்கான செலவு அவர் கணக்கில் ஏறுகிறது. அன்றைக்கு யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், வேலை அவ்வளவு. அடுத்த வாரம் ஒழுங்காக எட்டுப் பேரோடு வருகிற வேறொருவரை வாசலிலேயே நிறுத்துவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மொத்த ஏலத்தின் சூடு தணிந்தபின் உள்ளே போங்கள். கடலுக்குப் போய்ப் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்கட்டும். ஏல வட்டத்துக்கு வெளியே ஓரமாக நில்லுங்கள். இருபது நிமிடம் போதும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பணம் எண்ணிக்கொண்டிருப்பவரைக் கேட்டும் எடுக்க வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு கூறு மீனாவது வாங்கச் சொல்லுங்கள், அங்கேயே கூலி கொடுத்து வெட்டி வாங்கட்டும். ஐஸ் பெட்டியை நீங்கள் கொண்டுபோங்கள்.

ஞாயிறுதான் ஆள் சேரும் என்றால் ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். இன்றும் ரயில் நிற்கும் இடம் அது, நடைமேடையை அடைத்துக்கொண்டு பாடம் நடத்தாதீர்கள்.

தடைக்காலம் பார்க்காமல் தேதி குறிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீன் ஏலத்தைக் காட்டுகிறோம் என்று மே மாதத்தில் பணம் வாங்கிவிட்டு முழிக்காதீர்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் நடக்கும் நேரம் அது. பேசுவதற்கும் அவர்களுக்கு நேரம் இருக்கும். வருமானம் இல்லாத இரண்டு மாதம் என்பதால், விளக்கிச் சொல்பவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

பழவேற்காட்டில் படகு ஏற்றுவது

2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரிக்குத் தடை விதித்தும், தெரிந்த மீனவரிடம் பேசி ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன்பிடிப் படகு ஆளேற்றும் படகு அல்ல. ஒரே பக்கம் எல்லாரும் எழுந்து செல்ஃபி எடுத்தால் சாய்ந்துவிடும்.

உயிராபத்து தவிர இன்னொன்றும் உண்டு. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ என்ற முறை வைத்திருக்கிறார்கள். முறை வருகிற நாளில் உங்கள் படகு குறுக்கே போனால் அந்தக் குடும்பத்தின் மீன்பாடு கெடும், மறுபடி முறை வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். பூநாரைகளும் அப்படித்தான். படகு நெருங்கி எழுப்பிவிட்டால் மேய்கிற நேரமும் தின்று சேர்த்த தெம்பும் வீண். கரையிலிருந்தே பைனாகுலரில் காட்டுங்கள். டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளுக்கே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

எண்ணூரில் அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு முன்னால் போட்டோ ஷூட்

வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்த கழிமுகம் அது. இருளர்கள் தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இடமும் அதுதான். சேற்றில் இறங்கினால் சிப்பி காலைக் கிழிக்கும், சாம்பல் படிந்த இடத்தில் கால் புதையும்.

வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பது

கூடாது.

கழிப்பறை பார்க்காமல் மூன்று மணி நேர நடை

முந்தின நாளே போய்க் கதவு திறக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

பணத்தை வெளியே எடுத்துப்போவது

எட்டுப் பேர், தலைக்கு 700 ரூபாய் என்றால் 5,600. அதில் உள்ளூர் வழிகாட்டிக்கு 1,500, அந்தத் தெரு இட்லிக் கடையில் தலைக்கு 80 வீதம் 640. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே தங்கிவிடும். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். கடைக்காரரிடம் எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். விளம்பரம் கிடைக்கும் என்று சொல்லி ஓசிச் சாப்பாடு கேட்காதீர்கள். வழிகாட்டியின் கூலியை நடை முடிந்ததும் கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறேன் என்றால் அடுத்த நடைக்கு அவர் வர மாட்டார், கடலுக்குப் போய்விடுவார்.